பத்தாவது கோடு

சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் நான் பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இன்லைன் ஸ்கேட்ஸின் கொக்கிகளை இறுக்கிக்கொண்டிருப்பேன். குதிகால் ஆடாமல் பதிந்ததா என்று தரையில் இரண்டு தட்டு. எழுந்து ஒரு தள்ளு. வாரம் முழுக்கத் தோளில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிடும்!

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவே 4.2 கிலோமீட்டர் ஓடும் நீர்வழி இது. பொங்கோல் நீர்த்தேக்கத்தையும் சிராங்கூன் நீர்த்தேக்கத்தையும் இணைக்க மனிதர்கள் வெட்டியது, 2011இல் திறந்தார்கள். பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் இருந்த ஊரில் இன்று இரு கரையிலும் நிழலும் பாதையும். பூங்கா இணைப்புப் பாதைகளைப் பிடித்துப் போனால் 26 கிலோமீட்டர் வட்டம் ஒன்று அடிக்கலாம்.

பல வருடம் நடந்த பாதைதான். ஆனால் சக்கரம் மாட்டிய பிறகே அதை முழுசாகத் தெரிந்துகொண்டேன். சமதளம் என்று நினைத்த இடத்தில் கால் தானாக வேகமெடுக்கிறது. அங்கே ஒரு சரிவு இருந்திருக்கிறது! வழவழப்பான தளத்தில் சக்கரம் மெல்ல முனகும். சொரசொரப்பான இடத்தில் உள்ளங்கால் குறுகுறுக்கும். எந்த வளைவில் இலை உதிர்ந்து கிடக்கும் என்பதுகூட இப்போது மனப்பாடம்.

ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தது என் மகள்.

"அம்மா, பின்னாடி உதைக்காதீங்க. பக்கத்துல தள்ளுங்க. முட்டிய மடக்குங்க."

வித்தை முழுவதும் அந்த மூன்று வரியில் இருக்கிறது. நடந்து பழகிய கால் பின்னால்தான் உதைக்கும். சக்கரமும் பின்னால் உருண்டு, உதைத்த பலம் வீணாகும். சக்கரம் உருளாத திசை பக்கவாட்டு. அங்கே, உள்விளிம்பில் சாய்த்துத் தள்ளினால் தரை பிடி கொடுக்கிறது. உடம்பின் எடை முழுவதையும் மறு காலுக்கு மாற்றி, அந்த ஒற்றைக் காலில் வழுக்கிப் போகும் நொடி இருக்கிறதே, அதற்காகவே எவ்வளவு அதிகாலையிலும் எழுந்திருக்கலாம்.

நிற்பதும் அழகான வேலை. வலது காலை முன்னே நீட்டி, நுனியைத் தூக்கி, குதிகாலில் இருக்கும் ரப்பர் பிரேக்கைத் தரையில் அழுத்த வேண்டும். முட்டிக்கவசம், மணிக்கட்டுக் கவசம், தலைக்கவசம் மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். முந்தின இரவு மழை பெய்த ஒரு காலையில் ஈர இலையில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டுக் கவசத்தின் பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு கீறல். என் கையில் ஒன்றுகூட இல்லை.

பாதையில் எல்லோருக்கும் இடம் உண்டு. இடப்பக்கமாகவே போவேன், குரல் கொடுத்துவிட்டுத்தான் முந்துவேன். தினமும் நடக்க வரும் மலாய்ப் பாட்டி கையசைப்பார். உடும்பு குறுக்கே வந்தால் பிரேக் போட்டு நின்றுவிடுவேன். அது அவசரப்படாது, நானும் அவசரப்படுத்த மாட்டேன்.

மாதம் ஒருமுறை கூடத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்து எட்டுச் சக்கரங்களையும் கழற்றுவோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பேரிங், மொத்தம் பதினாறு. துடைத்து, உள்பக்கம் தேய்ந்த சக்கரங்களை இடம் வலம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வருமாறு பூட்டுவாள் மகள். விரலால் ஒரு சுண்டு சுண்டி, சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று இருவரும் காது வைத்துக் கேட்போம்.

பெஞ்சுக்கு எதிரே தளத்தில் குறுக்குக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. முதல் மாதம் ஒரு தள்ளுக்கு மூன்று கோடு தாண்டினேன். போன ஞாயிறு ஒன்பது! "இன்னும் கொஞ்சம் முட்டிய மடக்கியிருந்தா பத்தும்மா" என்றாள் மகள். அடுத்த ஞாயிற்றுக்கு அலாரம் வைத்தாகிவிட்டது.