டிக்கென்று பேசும் அயன்

சோல்டரிங் அயன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நான் முதலில் வயரை வளைத்துப் பார்ப்பேன். விறைத்த வயர் என்றால் பிடி கையில் நிற்காது, சும்மா தந்தாலும் வேண்டாம்.

ஊரிலிருந்து சூட்கேசில் வந்த 60 வாட் அயனைக் கனடாவில், நான் இருக்கும் விட்பியில் செருகினால் 16 வாட்தான் தேறும். அங்கே 230 வோல்ட், இங்கே 120. ஈயம் உருகத்தான் செய்யும், 63/37 வெள்ளீய-ஈயக் கம்பிக்கு 183 பாகை செல்சியஸ் போதும். தடித்த செப்புப் பட்டையில் நுனியை வைத்ததும்தான் வண்டவாளம் தெரியும். பட்டை சூட்டை உறிஞ்சிவிடும், இழந்ததை அயனால் மீட்க முடியாது. நாம் அழுத்திக்கொண்டே இருக்க, மின்சுற்றுப் பலகையிலிருந்து செப்பு உரிந்து வரும். நல்ல அயனுக்கு இரண்டு மூன்று விநாடி போதும். ஈயம் பாகங்களின் கால்களைச் சுற்றிக் குழிந்து ஏறிப் பளபளவென்று உறைந்துவிடும்.

என் மனசைப் பறித்தது வெல்லர் நிறுவனத்தின் பழைய டபிள்யூ.டி.சி.பி. அயன். சூட்டைக் கூட்டிக் குறைக்க அதில் திருகு கிடையாது. நுனியின் அடியில் ஓர் உலோகத் துண்டு, பிடிக்குள் ஒரு காந்தம். நுனி ஆறியிருந்தால் காந்தம் துண்டிடம் இழுபட்டு மின்சாரம் பாயும். குறித்த சூடு வந்ததும் துண்டு காந்தத்துக்கு மசியாது, பியர் கியூரி 1895இல் விளக்கிய அதே குணம். காந்தம் விலகும்: டிக். ஆறினால் மறுபடி டிக். நுனியடியில் 7 என்று பொறித்திருந்தால் 700 பாரன்ஹீட், ஏறக்குறைய 370 செல்சியஸ். வேறு சூடு வேண்டுமென்றால் நுனியையே மாற்ற வேண்டும். இதைவிடக் கச்சிதமான பொறியமைப்பை நான் எந்தப் பட்டறையிலும் கண்டதில்லை.

அயன்களுக்கு இந்தக் கச்சிதம் வாய்க்காத காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இதே விட்பி ஏரிக்கரையில், இன்று இன்ட்ரெபிட் பூங்கா இருக்கும் இடத்தில், 'காம்ப் எக்ஸ்' ஒற்றர் பயிற்சி முகாம் இருந்தது. அங்கே 'ஹைட்ரா' வானொலி நிலையத்தை அமைத்தவர் டொராண்டோப் பேராசிரியர் பென்ஜமின் பெய்லி. அது வெறும் செப்பு நுனிகளின் காலம். செப்பு ஈயத்தில் கரைந்து குழி விழும், அரத்தால் ராவி ராவித்தான் வேலை செய்ய வேண்டும். இன்றைய நுனிகளுக்கு இரும்பு முலாம், அரம் பட்டால் அத்தோடு சரி. துடைக்கப் பித்தளைச் சுருள், அணைக்குமுன் கொஞ்சம் ஈயப் பூச்சு, அவ்வளவே பராமரிப்பு.

புதிதாக வாங்குபவருக்கு 70 வாட் ஹாக்கோ எஃப்.எக்ஸ்-888 வரிசை தாராளம், மாற்று நுனிகளும் எளிதில் கிடைக்கும். ஊசி நுனி பார்க்க அழகு, சூட்டைக் கடத்துவதில் கஞ்சன். 2.4 மி.மீ. உளி நுனியைக் கேட்டு வாங்குங்கள்.