ஐந்து நிமிடத்தில் மீண்டும் திறக்கும் மார்பு

இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியின் இதயம் நின்றால், மற்ற வார்டுகளில் செய்வதுபோல உடனே மார்பை அழுத்துவது எப்போதும் சரியாகாது. அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு அந்த அழுத்தத்தில் இதயத்தையும் புதுத் தையல்களையும் கிழித்துவிடலாம். எனவே இவர்களுக்கென ஐரோப்பிய இதய அறுவையாளர் சங்கம் 2009-இலும், அமெரிக்க மார்பு அறுவையாளர் சங்கம் 2017-இலும் தனி நெறிமுறை வெளியிட்டன.

இதயத்தின் கீழறை ஒழுங்கின்றி நடுங்கினால் அடுத்தடுத்து மூன்று மின்னதிர்ச்சி. துடிப்பே இல்லையென்றால் தற்காலிக பேஸ்மேக்கர். ஒரு நிமிடத்துக்குள் இவற்றைச் செய்ய முடியுமானால் மார்பழுத்தம் காத்திருக்கலாம். பலனில்லையென்றால் அழுத்தத்தைத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்குள் மார்பைத் திறக்க வேண்டும்.

இந்த நெறிமுறையின் பெரும்பலம், காரணத்தையே நேராகத் தாக்குவது. இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி நெரிக்கும்போது இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் பயன் குறைவு. திறந்து உறைகட்டியை அகற்றினால் அதே இதயம் பெரும்பாலும் மீள்கிறது. பயிற்சி பெற்ற எவரும், அறுவை மருத்துவர் வரும்வரை காத்திராமல், திறக்கலாம் என்ற விதி துணிச்சலானது. உயிர் காப்பதும் அதுவே.

அட்ரினலின் பற்றிய விதியை ஏற்பதுதான் கடினம். வழக்கமான 1 மில்லிகிராம் இங்கே தவிர்க்கப்படுகிறது. இதயம் மீண்டதும் இரத்த அழுத்தம் எகிறித் தையல்கள் பிய்ந்துவிடும் என்பதே காரணம். காரணம் வலுவானது, ஆனால் பொது நெறிமுறையில் பழகிய கை தானாக அந்த ஊசியை எடுக்கும். ஒரே கட்டடத்தில் இரண்டு நெறிமுறைகள் நிலவுவது உண்மையான ஆபத்து.

சான்றின் வலுவும் ஒரு குறை. இங்கே சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு நடத்துவது நடைமுறையில் இயலாது. இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனை ஆறு ஆண்டுகள் நடத்திய கணக்கெடுப்பு, அறுவைக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் இதயம் நின்று, 10 நிமிடத்துக்குள் மார்பு திறக்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறியதைக் காட்டியது. ஐந்து நிமிடம் என்பது அதைவிடக் கடுமையான இலக்கு. மூளை தாங்கும் நேரத்தைக் கருதினால் அது நியாயமே. மேலும், மார்பெலும்பை அறுக்காமல் விலா எலும்பிடை வழியே அறுவை செய்யப்பட்டவர்களுக்கு இந்த நெறிமுறையை அப்படியே பொருத்த முடியாது.

பெருங்குறை பயிற்சியில்தான் இருக்கிறது. இத்தகைய நிகழ்வு அரிது. கற்றது விரைவில் மறந்துபோகும். இரவுப் பணியில் இருப்பவர்களோடு திறப்புக் கருவிப் பெட்டியை வைத்து ஒத்திகை பார்க்காத பிரிவு, இந்த நெறிமுறையைச் சுவரில் ஒட்டியிருந்தாலும் பின்பற்றுவதாகச் சொல்ல முடியாது.