விடாது கருப்பு: விடாத வழக்கு

'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரை (1997-98) மறுபடி மறுபடி பார்க்கிறவர்கள் இன்னும் ஒரே விஷயத்துக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள்: தண்டித்தது கருப்புசாமியா, பிளவுண்ட மனசா? இந்திரா சௌந்தர்ராஜனின் கதையும் நாகாவின் இயக்கமும் இரண்டு கட்சிக்கும் இடம் விட்டிருக்கின்றன. அந்த வெள்ளைக் குதிரை இன்றைக்கும் பயமுறுத்தத்தான் செய்யுது.

எனக்கு உறுத்துவது வேறு. சாமியாட்டம் என்று ஒதுக்காமல், சிறுவயதுக் காயத்தில் வந்த நோய் என்று மருத்துவம் பேசியது தொடரின் துணிச்சல். ஆனால் மர்ம முடிச்சை அவிழ்க்கும் அவசரத்தில், நோயாளியையே ஊரை நடுங்கவைக்கும் ஆளாக்கிவிட்டது. மனநோய்னாலே ஆபத்து என்ற பழைய பயத்துக்கு அது தீனி.

திருவாடானைப் பக்கம் கருப்பைக் குலசாமியாகக் கும்பிடும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு அந்த விவாதம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. இதே மாவட்டத்து ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி போட வைத்ததும் அந்தப் பயம்தானே?

அடுத்த முறை பார்க்கும்போது, கொன்றது யாருங்கிறதோடு நிறுத்தாதீங்க. அந்தப் பிள்ளையின் மனசை உடைத்தது யாருன்னும் கேளுங்க.