ஈசன் உவக்கும் மலரும் மட்டக்களப்பு மனைத்தோட்டமும்

மட்டக்களப்புப் பிரதேசத்து மாணவர் பலருக்குக் கவிதை முதன்முதலில் அறிமுகமாவது பாடநூல் வழியாகவன்று. பாடசாலைப் பிரார்த்தனை வழியாகவேயாம். அவ்வாறு செவிவழிப் பழகிய பாடல்களுள் சுவாமி விபுலானந்தரின் 'ஈசன் உவக்கும் மலர்' தலையாயது. 1892 இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து, 1947 இல் மறைந்த அடிகளாரின் சமாதியிலும் இப்பாடலே பொறிக்கப்பட்டுள்ளது. இத்துணை அறிமுகமான பாடல் உரியவாறு வாசிக்கப்பட்டுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வகுப்பறைகளிலே பெரிதும் வழங்கும் விளக்கம் ஒன்றுண்டு. இறைவன் புறமலர்களை விரும்புவதில்லை. அகமலர்களையே விரும்புகின்றான் என்பது அது. விளக்கம் எளிது, ஆயினும் முழுமையானதன்று. பாடலின் அமைப்பை நோக்குவோம். மூன்று செய்யுள்களிலும் முதலில் வினா, பின்னர் விடை. முதற்செய்யுள் மல்லிகையை வினவி, உள்ளமாகிய தாமரையை விடையாகத் தருகின்றது. இரண்டாவது தாமரையையும் கழுநீரையும் வினவி, கூப்பிய கையாகிய காந்தளைக் காட்டுகின்றது. மூன்றாவது கொன்றையையும் கற்பகத்தையும் வினவி, விழியாகிய நெய்தலில் முடிகின்றது. முதற்செய்யுளில் விடையாக நின்ற தாமரை அடுத்த செய்யுளில் விலக்கப்படும் மலராக வருவதை எத்தனைபேர் கவனித்துள்ளோம்? மலரைத் தள்ளுவதே புலவரின் நோக்கமாயின் இம்முரண் பிழையாகும். மலரைக் கண்டு பழகியவனுக்கே உள்ளம் தாமரையாகத் தோன்றும் என்பது அவர் கருத்தாயின், முரண் தானாகவே அகன்றுவிடுகின்றது.

வினாக்களும் விடைகளும் செல்லும் திசையும் மனங்கொளத்தக்கது. வினாக்கள் மனைத்தோட்டத்து மல்லிகையிலே தொடங்கி, குளத்து மலர்களைக் கடந்து, மண்ணுலகில் இல்லாத கற்பகம்வரை ஏறிச் செல்கின்றன. விடைகளோ உள்ளத்திலே தொடங்கி, கைக்கு வந்து, கண்ணிலே வெளிப்படுகின்றன. ஆகவே, பாடல் புறத்திலிருந்து அகத்துக்குள் ஒடுங்குகின்றது என்பது பொருந்தாது. அகத்திலே அரும்பியது பிறர் காணும் முகத்திலே மலர்கின்றது என்பதே பொருந்தும். விரலுக்குக் காந்தளும் விழிக்கு நெய்தலும் அகப்பாடல் மரபிலே தலைவியை வருணிக்க வழங்கிய உவமைகள். தோழியர் இருவர் உரையாடுவது போன்ற பெண்பால் விளியும், இறைவனை மணமகனாகக் காணும் குறிப்பும் அம்மரபையே நினைவூட்டுகின்றன. மணிவாசகரின் திருச்சாழலிலும் மகளிர் வினவி விடையிறுக்கும் முறையுண்டு. சிறுமியர் கூடிப் பாடுதற்கு இப்பாடல் இயல்பாகப் பொருந்துவதற்கு இவ்வுரையாடற் பாங்கும் ஒரு காரணமாம்.

இனி, நிலத்தோடு பொருத்தி நோக்குவோம். மட்டக்களப்பிலே வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, பெரும்போக அறுவடையும் முடிந்தபின் வருவது இளவேனில். ஆங்கிலக் கவிதைகளில் வரும் வசந்தம் பனி உருகிப் பிறப்பது. நமது இளவேனில் வெயில் முதிர்ந்து வருவது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொன்றை பொன்னாகப் பூக்கும். கிணற்றடி மல்லிகையும் அரும்புவிடும். கார்த்திகைப்பூ என நாம் வழங்கும் காந்தளோ மாரிக்குரியது. மழையிலே கிழங்கிலிருந்து கொடியெழுந்து பூக்கும் அம்மலரின் இதழ்கள் மேனோக்கி வளைந்து குவிவதைக் கண்டவர்க்குக் கூப்பிய கை என்ற உருவகம் விளக்கம் வேண்டாதது. நெய்தலோ நீர்நிலைக்குரியது, வாவியும் கடலும் சூழ்ந்த இப்பிரதேசம் நெய்தல் திணையின் நிலமுமாம். வெவ்வேறு பருவத்து மலர்களைப் புலவர் ஒரு மாலையாகத் தொடுத்துள்ளார்.

பாடலிற் குறை காண இடமில்லையா? உண்டு. விடியலிலே பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளை பூசைக்கெனப் பறித்துச் செல்லும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் இதில் இடம்பெறவில்லை. மல்லிகையைத் தவிர்ந்த ஏனைய மலர்கள் முற்றத்திலிருந்து வந்தனவல்ல. இலக்கியத்திலிருந்தும் புராணத்திலிருந்தும் வந்தவை. 'ஆங்கிலவாணி'யிலே பிறமொழிக் கவிதையைத் தமிழுக்குக் கொணர்ந்த அடிகளார், தம்மூர் வேலியோரத்துப் பூவைப் பாட்டுக்குள் கொணரவில்லை. மரபின் செழுமை இங்கே ஒரு வரம்பாகவும் அமைந்துவிட்டது.

எனினும் இப்பாடலின் பெறுமதி வேறோரிடத்தில் உளது. மலர் பறிக்க மனை வேண்டும். மனைக்கு நிலம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் தாக்கியபோது வீடுகளோடு முற்றங்களும் அழிந்தன. போர்க்காலத்து இடப்பெயர்வுகளும் எத்தனையோ தோட்டங்களை ஆளற்றனவாக்கின. தங்குமிடம் ஒன்றிலே வாழும் பிள்ளையிடம் கொய்வதற்கு மல்லிகை இராது. உள்ளமும் கையும் கண்ணும் இருக்கும். வறிய மாணவரின் கல்விக்கு உழைத்த ஒருவர், நிலமில்லாதவரும் சமமாய் நின்று வழிபடும் வழியை இங்குக் காட்டியுள்ளார். புறமலரை இகழ்வதாக இப்பாடலை வாசிப்பின் இச்சமத்துவம் வெறும் துறவுரையாகக் குறுகிவிடும்.

இதனாலேயே நமது கற்பித்தல் முறை மறுபரிசீலனைக்குரியது. நெய்தலைக் கண்டறியாத மாணவனுக்கு விழிநெய்தல் ஒரு வெறுஞ்சொல். காந்தளைக் காணாதவனுக்குக் கைக்காந்தள் தேர்வுக்கு மனனஞ்செய்யும் உருவகம். மாரியில் வேலியோரக் காந்தளையும், சித்திரையில் வீதியோரக் கொன்றையையும், குளத்திலே நெய்தலையும் காட்டிய பின்னரே ஆசிரியர் இப்பாடலின் உட்பொருளை உரைத்தல் தகும். அங்ஙனம் கற்ற மாணவன் செவ்வரத்தையைப் பற்றித் தானே ஒரு நான்காஞ் செய்யுள் எழுதவுங்கூடும். அடிகளார் விட்ட இடத்தை நிரப்புதற்கு அதனினும் ஏற்ற வழியில்லை.