"தனி வாய்க்கால் வெட்டிக்கொள்": திறந்த சமூக வலையில் விமர்சனமும் மாற்றுக் கருத்தும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஆறு ஒன்று, வாய்க்கால் பல. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்கு முல்லைப்பெரியாற்று நீர் 17 வாய்க்கால்கள் வழியாகப் போகிறது. தலைமடைக்காரருக்கு நீர் முதலில் கிடைக்கும், கடைமடைக்காரர் காத்திருப்பார். காத்திருந்தும் வரவில்லை என்றால் கேட்பார், சண்டையும் போடுவார். அப்போது அவரிடம், "பிடிக்கவில்லை என்றால் நீயே தனியாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இணையத்தில் இப்போது வளர்ந்துவரும் திறந்த சமூக வலையில், குறை சொல்லும் பயனருக்குப் பல நேரம் கிடைப்பது இந்தப் பதில்தான். அது ஏன் போதாது, வேறு எப்படிப் பதில் சொல்லலாம் என்பதைச் சில உண்மை நிகழ்வுகளை வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

திறந்த சமூக வலை என்றால் என்ன?

முகநூல், எக்ஸ் போன்ற தளங்களில் வழங்கியும் விதியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. திறந்த சமூக வலை மின்னஞ்சலைப் போன்றது. ஒருவர் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலையும் இன்னொருவர் வேறொரு நிறுவனத்தின் மின்னஞ்சலையும் வைத்திருந்தாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. காரணம், இரண்டும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. அதுபோலச் சமூக ஊடகத்துக்கென உருவான ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரி 23 அன்று தன் பரிந்துரையாக வெளியிட்டது. மாஸ்டடான் இதில் இயங்குகிறது. புளூஸ்கை, ஏடி என்ற வேறொரு நெறிமுறையில் இயங்குகிறது.

இந்தியர்களுக்கு மாஸ்டடான் பெரிய அளவில் அறிமுகமானது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அதே சமயம், சாதி அடிப்படையில் ட்விட்டர் பாகுபாடு காட்டுகிறது என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். ஒரு நிறுவனத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்ற கோபம்தான் அவர்களை அங்கே அழைத்துப் போனது. ஆகவே புதிய இடத்தில் குறைகள் எப்படிக் கேட்கப்படுகின்றன என்பது அவர்களுக்கு முக்கியமான கேள்வி.

"நீயே செய்துகொள்"

திறந்த சமூக வலையில் வெளியேறும் உரிமை உண்மையாகவே இருக்கிறது. ஒரு வழங்கியின் விதி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். சொந்தமாக ஒன்றை நிறுவலாம். நிரலை எடுத்து மாற்றி எழுதலாம். இது பெரிய உரிமை, மறுப்பதற்கில்லை. ஆனால் இதையே எல்லாக் குறைகளுக்கும் பதிலாகச் சொல்லும்போது அது உரிமையாக இருப்பதில்லை, வாயடைப்பாக மாறிவிடுகிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது செய்த தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. கரும்பலகையில் நான் போட்ட கணக்கில் பிழை இருப்பதாக ஒரு மாணவன் எழுந்து சொன்னான். "அப்ப நீயே வந்து போடுடா" என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். பிழை என்னுடையதுதான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மறுபடி கை தூக்கவில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் திறமை ஒன்று, முழுக் கணக்கையும் பலகையில் போடும் துணிவு வேறொன்று. முதலாவது இருப்பவரிடம் இரண்டாவதையும் கேட்டால் வகுப்பில் பிழைகள் அப்படியே நின்றுவிடும்.

தமிழில் எழுதும் ஒரு பயனரை எண்ணிப் பாருங்கள். சாதிப் பெயர் சொல்லி அவரை ஒருவர் இழிவுபடுத்துகிறார். அவர் முறையிடுகிறார். முறையீடு அந்த வழங்கியின் நிர்வாகியிடம் போகும். நிர்வாகிக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சொல் வசைதான் என்பதும் தெரியாது. "தனி வழங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அதற்கு மாத வாடகை, தொழில்நுட்ப அறிவு, இரவு பகல் பாராத கண்காணிப்பு எல்லாம் வேண்டும். போடியிலோ சின்னமனூரிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவி இதற்கு எங்கே போவார்? அவர் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: பேசாமல் விலகிவிடுவது.

பாலம் கட்டியவரும் வசை கேட்டதும்

விமர்சிப்பவர் பக்கமும் தவறு உண்டு. 2024 பிப்ரவரியில் ரயன் பாரெட் என்ற மென்பொருளாளர், தம்முடைய பிரிட்ஜி ஃபெட் என்ற மென்பொருள் மாஸ்டடானையும் புளூஸ்கையையும் இணைக்கப்போவதாக அறிவித்தார். வேண்டாம் என்று சொல்லாதவர்களின் பொதுப் பதிவுகள் எல்லாம் பாலத்தைக் கடக்கும் என்பது அவருடைய முதல் திட்டம். பொதுவில் எழுதியதை யாரும் படிக்கலாமே என்பது ஆதரித்தவர்களின் வாதம். எங்கள் இசைவு இல்லாமல், நாங்கள் போக விரும்பாத இடத்துக்கு எங்கள் எழுத்தை எப்படிக் கொண்டுபோகலாம் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

இரண்டும் பேச வேண்டிய வாதங்கள். ஆனால் கிட்ஹப் தளத்தில் அந்த விவாதம் விரைவிலேயே தனிமனித வசையாக மாறியது. பாரெட் பதிலுக்குச் சண்டை போடவில்லை. வசையை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த நியாயத்தை எடுத்துக்கொண்டார். விரும்பிச் சேர்பவர்களின் பதிவுகள் மட்டுமே பாலத்தைக் கடக்கும் என்று திட்டத்தை மாற்றினார். கோதுடன் வந்ததைப் புடைத்து மணியை எடுத்த செயல் இது. இருந்தாலும் எல்லாரிடமும் அந்த முறத்தை எதிர்பார்க்க முடியாது. மாஸ்டடானை உருவாக்கிய யூஜன் ரோக்கோ 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது, அந்தப் பொறுப்பு தமக்குத் தந்த மன அழுத்தத்தையும் குறிப்பிட்டார். திறந்த சமூகங்களில் பலர் ஊதியமின்றியோ குறைந்த ஊதியத்திலோ உழைக்கிறார்கள். அவர்களைக் காயப்படுத்தினால் குறையைத் திருத்த ஆள் இருக்காது.

தாமதமாக வந்த பதில்

ரோக்கோவின் இன்னொரு முடிவும் பாடம் தரும். ஒருவர் பதிவை மேற்கோள் காட்டி அதன்மேல் கருத்து எழுதும் வசதியை அவர் மாஸ்டடானில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது பிறரைக் கூட்டத்தின் முன் நிறுத்திக் கேலி செய்யவே பயன்படும் என்பது அவர் அச்சம். 2022 இறுதியில் ட்விட்டரிலிருந்து வந்தவர்களில் பலர், குறிப்பாக அமெரிக்கக் கறுப்பினப் பயனர்கள், இதை மறுத்தார்கள். தங்கள் உரையாடல் மரபே மேற்கோளில்தான் இருக்கிறது என்றார்கள். 2025இல் அந்த வசதி வந்தது. யார் மேற்கோள் காட்டலாம் என்பதைப் பதிவை எழுதியவரே தீர்மானிக்கலாம். காட்டிய மேற்கோளிலிருந்து தம் பதிவைப் பின்னர் விலக்கியும் கொள்ளலாம்.

கேட்டவர்களுக்கு வசதி கிடைத்தது. அஞ்சியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. எதிர்ப்பு வடிவமைப்பையே மேம்படுத்தியது என்பதற்கு இது நல்ல சான்று. குறை ஒன்றுதான்: பதில் வருவதற்குள், கேட்டவர்களில் எத்தனை பேர் காத்திருந்திருப்பார்கள்? கடைமடைக்கு நீர் அறுவடைக்குப் பிறகு வந்து பயன் என்ன?

முறையான ஒரு விவாதம்

2024 நவம்பரில் கிறிஸ்டின் லெம்மர்-வெபர் புளூஸ்கையைப் பற்றி நீண்ட விமர்சனக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை எழுதியவர்களில் அவர் ஒருவர். புளூஸ்கை தன்னைப் பரவலாக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டாலும் நடைமுறையில் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். அத்தோடு புளூஸ்கையின் சாதனைகளையும் சொன்னார். தாமே பங்கேற்று உருவாக்கிய ஆக்டிவிட்டிபப்பின் குறைகளையும் மறைக்காமல் எழுதினார். சில நாட்களில் புளூஸ்கைப் பொறியாளர் பிரையன் நியூபோல்ட் பதில் எழுதினார். சில குறைகளை ஒப்புக்கொண்டார். சொற்களின் வரையறையில் மாறுபட்டார். டிசம்பரில் கிறிஸ்டின் மறுமொழி எழுதினார். இருவரும் இறுதிவரை உடன்படவில்லை. ஆனால் படித்தவர்களுக்கு இரண்டு நெறிமுறைகளும் தெளிவாகப் புரிந்தன.

இதைப் பாராட்டும்போதே ஒன்றைக் கேட்க வேண்டும். கிறிஸ்டின் துறையில் பெயர் பெற்றவர். அவருக்கு விரிவான பதில் கிடைத்தது. பெயரில்லாத ஒரு பயனர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் இரண்டு வரியில் குறை எழுதினால் அதே மரியாதை கிடைக்குமா? ஒரு சமூகம் விமர்சனத்தை எப்படி ஏற்கிறது என்பதை, அது அறிஞருக்குச் சொன்ன பதிலைவிட எளியவருக்குச் சொன்ன பதிலே காட்டும்.

தலைக்கணக்கா, காரணமா?

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. கூட்டத்தின் போக்கை அறிய, கருத்தை ஆதரிப்பவர்களை "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பச் சொல்வது வழக்கம். 2014இல் வெளியான ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணம் இந்த முறையை விளக்குகிறது. அதன் சாரம் இது: எழுப்பப்பட்ட ஒவ்வொரு மறுப்புக்கும் காரணத்தோடு விடை சொல்லியாக வேண்டும், ஆனால் ஒவ்வொரு மறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நூறு பேர் காரணமின்றி எதிர்த்தாலும் முடிவு நிற்கலாம். ஒருவர் எழுப்பிய சரியான மறுப்புக்கு விடை இல்லையென்றால் முடிவு நிற்கக் கூடாது. குரல் குறைந்த மொழிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

தமிழ் கண்ட அனுபவம்

திறந்த தரங்களில் மறுப்புச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகள் அனைத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழறிஞர்கள் பலர் வாதிட்டார்கள். ஆனால் ஒருமுறை குறியேற்றிய எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது ஒருங்குறியின் விதி. அடித்தளம் போட்டபின் வந்த மறுப்பால் அதை மாற்ற முடியவில்லை. 2010இல் கிரந்த எழுத்துகளைக் குறியேற்றும் முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் சேர்க்கும் யோசனை இருந்தது. இம்முறை எதிர்ப்பு, முடிவெடுக்கும் முன்பே எழுந்தது. 2014 ஜூனில் ஒருங்குறி 7.0 பதிப்பில் கிரந்தம் வந்தபோது அந்த எழுத்துகள் அதில் இல்லை. உரிய காலத்தில், உரிய இடத்தில் சொன்ன மறுப்புக்கே வலிமை அதிகம் என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

மாணவர்களுக்கு

விமர்சிப்பவர், ஆளைச் சொல்லாமல் முடிவைச் சொல்லட்டும்; யாருக்கு என்ன இழப்பு என்று தெளிவாகச் சொல்லட்டும்; முடியும்போது முன்கூட்டியே சொல்லட்டும். பொறுப்பில் இருப்பவர், "ஏற்கிறேன்" என்றோ "ஏற்கவில்லை, காரணம் இது" என்றோ எழுதி வைக்கட்டும். "வேண்டுமானால் நீயே செய்துகொள்" என்பது இந்த இரண்டிலும் சேராது. நீங்கள் நாளை ஒரு வழங்கியை நடத்தலாம். ஒரு நெறிமுறையை எழுதவும் செய்யலாம். உங்கள் முன்னால் ஒருவர் கை தூக்கும்போது, அன்று நான் சொன்ன பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.