பாலேயின் வெள்ளைக் காட்சிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பாலேக்களைக் கதையாக மட்டும் எழுதிப் பார்த்தால் பெரும்பாலானவை தேறாது. உயர்குடி ஆண் ஒருவன் வாக்குக் கொடுக்கிறான், தவறுகிறான், பெண்ணொருத்தி அழிகிறாள். ‘ஜிசெல்’, ‘அன்னப் பொய்கை’, ‘லா பயதேர்’ மூன்றும் ஏறக்குறைய இதே கதைதான். இவை இன்றும் அரங்குகளை நிறைப்பதற்கு, கதை கிட்டத்தட்ட நின்றுவிடும் இடங்களே காரணம் என்பது என் கணிப்பு. நாயகி மனித வாழ்விலிருந்து விலகிவிட்ட பிறகு, வெள்ளையுடைப் பெண்கள் மேடையை நிறைக்கும் காட்சிகள் அவை.

1841இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஜிசெல்’ இதற்கு இலக்கணம் வகுத்தது. திருமணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள் நள்ளிரவில் எழுந்து, அகப்பட்ட ஆணைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. ஹைன்ரிஹ் ஹைனேயின் எழுத்திலிருந்து இந்தக் கருவை எடுத்தவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. எரிவாயு விளக்கொளியில் நுனிக்காலில் நகர்ந்த பெண்கள் தரையைத் தொடாதவர்களாகவே தெரிந்தார்கள். பாரிஸ் 1868க்குப் பிறகு ‘ஜிசெல்’லைக் கைவிட்டது. பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் மாரியஸ் பெத்திபா காப்பாற்றி வைத்திருந்ததை, 1910இல் தியாகிலெவின் குழு பாரிஸுக்கே திரும்பக் கொண்டுவந்தது.

‘அன்னப் பொய்கை’ 1877இல் மாஸ்கோவில் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. 1893இல் அதற்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கி மறைந்தார். மறு ஆண்டு அவர் நினைவாக லெவ் இவானோவ் ஏரிக்கரைக் காட்சியை மட்டும் புதிதாக அமைத்தார். பெத்திபாவும் இவானோவும் சேர்ந்து அமைத்த முழு வடிவம் 1895இல் வந்தது. அதில் பியரினா லெஞானி ஒற்றைக்காலில் சுழன்ற 32 சுற்றுகளுக்கு இன்றும் கைதட்டல் எழுகிறது. ஆனால் இந்தப் படைப்பின் உயிர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. முடிவைக்கூட அவரவர் விருப்பப்படி மாற்றுகிறார்கள். சிலவற்றில் காதலர் இருவரும் மூழ்குகிறார்கள், சோவியத் காலத்து வடிவங்களில் நாயகியை அன்னமாக்கிய மந்திரவாதி தோற்கிறான். இவானோவின் அன்னங்களின் மீது மட்டும் யாரும் எளிதில் கைவைப்பதில்லை. ‘நட்கிராக்கர்’ கிறிஸ்துமஸ் வழக்கத்தின் தயவில் வாழ்கிறது என்றாலும், அதிலும் எனக்கு உயர்ந்ததாகப் படுவது பனித்துகள்களின் நடனமே.

இவை எல்லாவற்றின் உச்சம், பெத்திபா 1877இல் அமைத்த ‘லா பயதேர்’ பாலேவில் வரும் நிழல்களின் காட்சி. பூக்கூடையில் ஒளிந்திருந்த பாம்பு தீண்டி கோயில் நர்த்தகி நிகியா இறந்துவிட்டாள். அவளுக்குத் துரோகம் செய்த காதலன் சோலோர் அபின் மயக்கத்தில் கிடக்கிறான். மேடையின் பின்புறச் சரிவில் ஒரு பெண் தோன்றுகிறாள். ஒரு காலைப் பின்னால் நீட்டி ஒற்றைக்காலில் நிற்கிறாள்; பின் நிமிர்ந்து உடலைப் பின்னுக்கு வளைத்து, இரண்டு அடி முன்வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அதே அசைவு. இப்படி 32 பேர், சில குழுக்களில் 24 பேர், வளைந்து வளைந்து இறங்குகிறார்கள். இதில் வித்தை எதுவும் கிடையாது. ஆனால் ஒருத்தியின் கணுக்கால் நடுங்கினாலும் வரிசை முழுதும் கலைந்து தெரியும். இந்தக் கடுமையை நாயகியின் எந்தச் சுழற்சியையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

‘லா பயதேர்’ காட்டும் இந்தியா வெறும் கற்பனை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பா உண்மையான ஆட்டத்தைப் பார்க்காமலும் இல்லை. 1838இல் கடலூர் அருகேயுள்ள திருவந்திபுரத்துத் தேவதாசிகள் பாரிஸில் ஆடினார்கள். அவர்களில் அம்மணியைக் கண்டு மனம் நெகிழ்ந்து எழுதியவர் அதே கோத்தியே. இருபது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய ‘சகுந்தலா’ பாலேவுக்கு நடனம் அமைத்தவர் பெத்திபாவின் அண்ணன் லூசியான். இத்தனை நெருக்கம் இருந்தும் கோயில் நர்த்தகி நிகியாவிடம் தேவதாசிகளின் சதிர் ஆட்டத்தின் சாயல் இல்லை. அந்தப் பெண்களிடமிருந்து ஐரோப்பிய மேடை எடுத்துக்கொண்டது வேடத்தை மட்டுமே. அவர்களின் கலையைக் கற்க முனையவில்லை. பக்கிரிகளும் ராஜாக்களும் நிறைந்த ‘லா பயதேர்’ முன்பகுதிகளைத் திருத்த வேண்டும் என்ற இன்றைய குரல்கள் நியாயமானவை.

திருத்தினால் படைப்பே போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1961இல் லெனின்கிராட் குழு பாரிஸுக்குக் கொண்டுவந்தது நிழல்களின் காட்சியை மட்டும்தான். 1963இல் லண்டன் ராயல் பாலேவுக்காக நூரியெவ் அமைத்ததும் அதுவே. முழுக்கதையும் அந்தக் குழுவுக்கு வந்தது 1989இல், மகரோவாவின் அமைப்பில். இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்கு மேல் லண்டன் ரசிகர்கள், சோலோர் யாருக்கு என்ன துரோகம் செய்தான் என்பதை மேடையில் காணாமலே அந்தச் சரிவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.