லிங்க் அனுப்பினால் கொடுத்ததாகுமா?

இண்டூரில் ராகி முறுக்கும் சாமை அதிரசமும் போட்டு விற்கும் அக்கா ஒருவர், போன மாதம் தன் போனை என் கையில் கொடுத்து, "இத கொஞ்சம் தொறந்து குடு தம்பி" என்றார். தயாரிக்கும் இடத்தை வீட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டுப் பக்கம் மாற்றிவிட்டார். பாக்கெட்டில் முகவரி மாற வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் மாற வேண்டும். பவுச் அச்சடித்துத் தருபவர் ஓப்பன் ஃபைல் கேட்கிறார். அக்காவிடம் இருந்தது வாட்ஸப்பில் வந்த ஒரு படமும், கூகுள் டிரைவ் லிங்க் ஒன்றும். லிங்க்கைத் தொட்டால் 'அனுமதி தேவை' என்று நிற்கிறது. அனுமதி கேட்கும் பட்டனை அவர் ஏற்கெனவே மூன்று முறை அழுத்தியிருக்கிறார்.

அந்தக் கோரிக்கை கோப்பின் உரிமையாளருக்குத்தான் போகும். உரிமையாளர் யார் தெரியுமா? நான்தான். பெங்களூரில் ஒரு சிறிய மார்க்கெட்டிங் ஏஜென்சியில் வேலை பார்த்தபோது, நம்ம ஊர் ஆளாச்சே என்று அக்காவின் வேலையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அந்த லிங்க்கை அனுப்பியதும் நான்தான். வேலையை விட்டதும் என் அலுவலகக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். வெளியாட்களுக்கு லிங்க் பகிர்வதையும் பிறகு அடைத்துவிட்டார்கள். அக்காவின் மூன்று கோரிக்கைகளும் யாரும் திறக்காத ஒரு அஞ்சல்பெட்டியில் கிடக்கின்றன.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த ஏஜென்சியில் வாடிக்கையாளர் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையை வடிவமைத்ததும் நானே. இணையத்தில் இதற்கான ஆலோசனைக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. பத்துப் பதினைந்தைப் படித்துத்தான் செய்தேன். வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே வருடம், அதற்குள் 01, 02 என்று எண் போட்ட துணை ஃபோல்டர்கள், கோப்புப் பெயரில் தேதி, பதிப்பு எண். 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'இதான் ஃபைனல்' என்று கிடந்த இடத்தை அது சுத்தமாக்கியது உண்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரைகளும் சரி, என் ஏற்பாடும் சரி, ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லின: ஏஜென்சிக்காரன் தேடினால் சீக்கிரம் கிடைக்குமா? மூன்று வருடம் கழித்து வாடிக்கையாளர் தேடினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டெலிவரி என்ற சொல்லை நாங்கள் தினம் பத்து முறை சொல்வோம். செய்தது டெலிவரியே இல்லை. எங்கள் அலமாரியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகக் காட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆவணத்தை வாங்கி, பதிந்து, திருப்பிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இடம் ஒன்று நமக்கெல்லாம் தெரியும்: பத்திரப்பதிவு அலுவலகம். அங்கே காத்திருந்து நொந்தவர்கள் சிரிப்பீர்கள். அலுவலகத்தை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை எடுத்துப் படித்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிரிவு 52, பத்திரத்தைத் தாக்கல் செய்தவருக்கு ரசீது கொடுக்கச் சொல்கிறது. பிரிவு 61, பதிவு முடிந்ததும் மூலப் பத்திரத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. அவரால் வர முடியாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம் என்று அந்த ரசீதிலேயே எழுதிக் கொடுக்கலாம். அலுவலகத்தில் தங்குவது நகல்தான்.

எங்கள் ஏற்பாட்டில் இது தலைகீழ். மூலம் எங்களிடம், நகலின் நிழல் வாடிக்கையாளரிடம். ரசீது கிடையாது. வாடிக்கையாளர் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனால் யாரிடம் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது.

அட்டவணை விஷயம் இன்னும் சுவாரசியம். பிரிவு 55 சொத்துப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை வைக்கச் சொல்கிறது. ஒன்று ஆட்களின் பெயரால், இன்னொன்று சொத்தால். விற்றவர் பெயர் மறந்துபோனாலும் நிலத்தை வைத்துத் தேடலாம். வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் வைத்தது ஒரே அட்டவணை: வாடிக்கையாளர், வருடம், பிரசாரத்தின் பெயர். அக்காவுக்கு அவர் வேலைக்கு நாங்கள் வைத்த பிரசாரப் பெயரே தெரியாது. அவருக்குத் தெரிந்தது 'முறுக்கு பாக்கெட்டு, கால் கிலோ'. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் என் அருமையான ஃபோல்டர் வரிசையில் ஒன்றும் வராது.

இன்னொன்று: யாரும் வந்து வாங்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் கிடக்கும் பத்திரத்தை, அது உயிலாக இல்லாவிட்டால், அழிக்கலாம் என்கிறது பிரிவு 85. கூகுளும் இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் விதி கொண்டுவந்தது. நூற்றுப் பதினைந்து வருட இடைவெளியில் இருவரும் அதே இரண்டு வருடத்துக்கு வந்து நிற்கிறார்கள்! பிரிட்டிஷ் காலத்துச் சட்டம், உன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போ என்று கையில் ரசீதைத் திணித்துவிட்டு இந்த விதியைச் சொன்னது. நாங்கள் ரசீதும் கொடுக்கவில்லை, விதியையும் சொல்லவில்லை.

வாட்ஸப்பையே களஞ்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும், அச்சுக்கு உதவாது. டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது, 2022க்குப் பிறகு 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனால் அந்தக் கோப்பு இருப்பது அந்தப் போனில். போன் தண்ணீரில் விழுந்தால், பேக்கப்பும் இல்லாவிட்டால், கதை முடிந்தது.

சரி, ஏஜென்சிகள் ஏன் ஓப்பன் ஃபைலைக் கொடுப்பதில்லை? சோம்பல் பாதிதான் காரணம். மீதி பயம். கொடுத்துவிட்டால் அடுத்த வேலையைப் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு முடித்துக்கொள்வார்கள் என்ற பயம். விலை கொடுத்து வாங்கிய எழுத்துரு, படம் இவற்றின் உரிமத்தை அப்படியே கைமாற்ற முடியாது என்ற நியாயமான சிக்கலும் உண்டு.

சட்டமும் ஏஜென்சி பக்கம்தான் சாய்கிறது. பலருக்கு இது தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே உரிமையாளர். அந்தப் பட்டியலில் லோகோ, லேபிள் போன்ற வரைகலை வேலை இல்லை. ஆகவே அது உருவாக்கியவரிடமே, அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் அவருடைய முதலாளியிடமே, தங்கிவிடும். மாற்றித் தர வேண்டுமென்றால் பிரிவு 19இன்படி எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றே கொள்ளப்படும். அக்காவிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. "இவ்ளோ காசு குடுத்தோம், நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியா?" என்று அவர் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அச்சுக்காரரிடம் அவர் இப்படி ஏமாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவுச்சுக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்வார்கள். அதற்கான காசைத் தனியாக வாங்குவார்கள். காசு கொடுத்ததால் சிலிண்டர் தன்னுடையது என்று அக்காவுக்குத் தெளிவாகத் தெரியும். முகவரி கறுப்பில் மட்டும் இருப்பதால் கறுப்புச் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார். கையால் தொடக்கூடிய இரும்புக்கு இருந்த கணக்கு, கோப்புக்கு இல்லாமல் போனது எங்களால்தான். ஓப்பன் ஃபைலுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலில் முதலிலேயே ஒரு வரி போட்டிருந்தால், வேண்டும் வேண்டாம் என்று அவர் அன்றே முடிவு செய்திருப்பார்.

பழைய சக ஊழியர் ஒருவர் தேடி எடுத்துக் கோப்பை அனுப்பினார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கோரல் டிராவில் செய்த கோப்பு, தமிழ் எழுத்துகள் யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'ராகி முறுக்கு' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த ஏதோ ஒன்று வருகிறது. எழுத்துகளை கர்வாக மாற்றி வைத்திருந்தால் வடிவம் கெடாது, ஆனால் திருத்த முடியாது. ஆகவே தமிழ் வேலையில் இரண்டும் தர வேண்டும்: கர்வாக மாற்றிய ஒன்று, திருத்தக்கூடிய ஒன்று. கூடவே யூனிகோடில் வெறும் வாசகம், எழுத்துருவின் பெயர். நான் படித்த ஆலோசனைக் கட்டுரை எதிலும் இது இல்லை. எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

இரண்டு நாள் உட்கார்ந்து வாசகத்தை யூனிகோடில் மறுபடி அடித்தேன். புது முகவரி, புது எண் எல்லாம் சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டேன். இன்னொரு நகலை அக்காவின் சொந்த ஜிமெயில் கணக்கில், அவரே உரிமையாளராக இருக்கும்படி ஏற்றினேன். ஃபோல்டருக்குப் பெயர் 'முறுக்கு பாக்கெட்டு கால் கிலோ'. பென் டிரைவை அவர் பட்டா வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு கணக்கு நோட்டை எடுத்து வந்தார்.

"இதுல என்னென்ன இருக்குன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுடு தம்பி. நாளைக்கு நீ எங்க இருப்பியோ."

எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.